பழைய பயிற்சிக் கப்பலின் வரலாற்றைத் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சண்டை போட்ட கப்பலின் கதையை யாராவது எழுதி வைத்திருப்பார்கள். பயிற்சிக் கப்பலுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. பெரும்பாலும் அது கடற்படைக்கு இனி உதவாது என்று ஒதுக்கப்பட்ட கிழட்டுக் கப்பல். பாய்களை இறக்கி, மேல்தளத்துக்குக் கூரை போட்டு, ஏதாவதொரு ஆற்றுமுகத்தில் நங்கூரமிட்டுப் பையன்களை ஏற்றிவிடுவார்கள். அதன் பிறகு ஐம்பது, அறுபது வருடம் அது அங்கேயே கிடக்கும். செய்தியில் வராது, சண்டைக்குப் போகாது. ஆனால் ஆயிரக்கணக்கான மாலுமிகளின் வாழ்க்கை அங்கேதான் தொடங்கியிருக்கும்.

தாத்தாவின் சான்றிதழ், பழைய புகைப்படம், பித்தளைப் பொத்தான் என்று எதையோ கையில் வைத்துக்கொண்டு தேடத் தொடங்குகிறவர்கள் முதலில் இடறுவது பெயரில்தான். பயிற்சிக் கப்பல்களின் உலகத்தில் ஆள்மாறாட்டம் சர்வ சாதாரணம். ஒரே கப்பல் நான்கு பெயரில் இருக்கும். ஒரே பெயர் மூன்று கப்பலில் இருக்கும். பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் வேறு யாருடைய கதைக்கோ போய்ச் சேர்வீர்கள். மரமும் இரும்புமாக இருந்த அந்த உடல் எங்கே பிறந்து எங்கே அழிந்தது என்று பின்தொடர்வதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை.

படி 1: கையில் இருப்பதை அப்படியே எழுதுங்கள்

ஊகத்தைக் கலக்காமல் எழுதுங்கள். சான்றிதழில் 'டி.எஸ்.' (பயிற்சிக் கப்பல்) என்று இருந்தால் 'டி.எஸ்.' என்றே எழுதுங்கள், 'எச்.எம்.எஸ்.' (பிரிட்டிஷ் அரச கடற்படைக் கப்பல்) என்று மாற்றாதீர்கள். பின்னால் வரும் ரோமன் எண்ணையும் விடாதீர்கள். 'இம்ப்ரெக்னபிள்' என்பதும் 'இம்ப்ரெக்னபிள் 3' என்பதும் வேறு வேறு கப்பல்கள். தொப்பி நாடாவில் கப்பல் பெயர் இல்லாமல் 'எச்.எம்.எஸ்.' என்று மட்டும் இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்: இரண்டாம் உலகப் போரின்போது பாதுகாப்புக்காகப் பெயரை நீக்கிவிட்டார்கள்.

வீட்டில் சொல்லிவந்த கதையைத் தனித் தாளில் எழுதுங்கள். கதையில் பெயரும் வருடமும் பிசகியிருக்கலாம். ஊர் பெரும்பாலும் பிசகாது. 'ஃபால்மத்தில் இருந்தபோது', 'பம்பாய் மசகானில் இருந்தபோது' என்று வந்தால் அதைக் கோடிட்டு வையுங்கள். ஓரிடத்தில் நங்கூரமிட்டுக் கிடந்த கப்பலுக்கு ஊரே பாதி அடையாளம்.

படி 2: எந்த வகைப் பயிற்சிக் கப்பல் என்று முடிவு செய்யுங்கள்

ஆவணங்கள் எந்த அலமாரியில் இருக்கும் என்பது இதைப் பொறுத்தது. பிரிட்டிஷ் வழக்கத்தில் மூன்று வகை உண்டு. கடற்படைக்கு மாலுமிகளைத் தயார் செய்தவை ஒரு வகை. கேஞ்சஸ், இம்ப்ரெக்னபிள் போன்றவை. இவற்றின் தாள்கள் கடற்படைத் தலைமையகத்தின் கோப்புகளில் இருக்கும். வணிகக் கப்பல்களுக்கு அதிகாரிகளை உருவாக்கியவை இரண்டாம் வகை: மெர்சி ஆற்றில் கான்வே, தேம்ஸில் வூஸ்டர், பம்பாயில் டஃபரின். ஜப்பானின் புகழ்பெற்ற அட்மிரல் டோகோ 1870களில் பயின்றது வூஸ்டரில்தான். மூன்றாவது வகையைக் குடும்பங்கள் பல சமயம் மறைத்துவிடும். ஏழைச் சிறுவர்களுக்கும், நீதிமன்றம் அனுப்பிய சிறுவர்களுக்குமான சீர்திருத்தக் கப்பல்கள் அவை. கார்ன்வால், வெல்லெஸ்லி, அரெதுசா எல்லாம் இந்த ரகம். இவற்றின் பதிவேடுகளைக் கடற்படைக் காப்பகத்தில் தேடினால் நேரம்தான் போகும். உள்துறைக் கோப்புகளிலும், அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகங்களிலும், நடத்திய தொண்டு நிறுவனத்திடமும் தேட வேண்டும்.

ஒரு சிக்கல். இரண்டாம், மூன்றாம் வகைக் கப்பல்கள் பலவற்றைக் கடற்படைதான் இரவலாகக் கொடுத்திருந்தது. ஆகவே கப்பலின் உடலைப் பற்றிய தாள் கடற்படையிடமும், பையன்களைப் பற்றிய தாள் வேறிடத்திலும் இருக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

படி 3: மூன்று பத்தி அட்டவணை போடுங்கள்

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு நோட்டில் மூன்று பத்தி: உடல், பெயர், நிறுவனம். இடது ஓரத்தில் வருடம். எந்தத் தகவல் கிடைத்தாலும் அது மூன்றில் எதற்கு உரியது என்று முதலில் கேட்டுவிட்டு எழுத வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார் என்பதற்குப் பம்பாய்க் கப்பல்துறையில் வாடியா குடும்பத்துப் பார்சிக் கப்பல் தச்சர்கள் தேக்கில் கட்டிய மூன்று கப்பல்களே சாட்சி. மூன்றும் கடைசிக் காலத்தில் இங்கிலாந்தில் பயிற்சிக் கப்பல்கள் ஆயின. மூன்றும் பெயர் மாறின.

முதலாவது வெல்லெஸ்லி, 74 பீரங்கிக் கப்பல், 1815இல் பம்பாயில் நீரில் இறங்கியது. 1839இல் கராச்சியைப் பிடித்த கப்பல் இது. 1868இல் இதைத் தேம்ஸ் ஆற்றில் சீர்திருத்தக் கப்பலாக வைத்தபோது 'கார்ன்வால்' என்று பெயர் மாற்றினார்கள். அதற்கு முன் கார்ன்வால் என்றிருந்த வேறொரு கப்பலுக்கு அதே 1868இல் 'வெல்லெஸ்லி' என்று பெயர் வைத்து வடக்கே டைன் ஆற்றுக்கு அனுப்பினார்கள். இரண்டும் பெயரை மாற்றிக்கொண்டன! அதோடு முடியவில்லை. டைன் ஆற்று வெல்லெஸ்லி சில வருடங்களில் உடைக்கப்பட, பாஸ்காவென் என்ற இன்னொரு கப்பல் வந்து வெல்லெஸ்லி என்ற பெயரை வாங்கிக்கொண்டது. அது 1914இல் தீயில் எரிந்துபோனது. 'வெல்லெஸ்லி 1914இல் எரிந்தது' என்று எங்காவது படித்துவிட்டுப் பம்பாய்த் தேக்குக் கப்பலின் கதையை அங்கே முடித்துவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் பம்பாய் வெல்லெஸ்லி கார்ன்வால் என்ற பெயரோடு 1940 செப்டம்பர் வரை தேம்ஸில் மிதந்தது. ஜெர்மன் விமானத் தாக்குதலில் அடிபட்டு மூழ்கியது. பாய்மரக் காலத்துப் போர்க்கப்பல் ஒன்று விமானக் குண்டுக்குப் பலியானது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் உடலைப் பின்தொடர்ந்தால் அங்கேதான் போய் நிற்பீர்கள்.

இரண்டாவது கேஞ்சஸ், 84 பீரங்கி, 1821. 1860களின் நடுவில் பையன்களுக்கான பயிற்சிக் கப்பலாகி ஃபால்மத்தில் நின்றது. 1899இல் ஹார்விச்சுக்குப் போனது. 1905இல் எதிர்க்கரையில் ஷாட்லியில் கரைப் பயிற்சி நிலையம் தொடங்க, கேஞ்சஸ் என்ற பெயர் மெல்லக் கரையேறிவிட்டது. கப்பலுக்கோ 1906இல் 'டெனடோஸ் 3', 1910இல் 'இண்டஸ் 5', 1922இல் 'இம்ப்ரெக்னபிள் 3' என்று பெயர்கள் மாறின. 1930 வாக்கில் உடைக்கப்பட்டது. 1908இல் ஒரு பையன் 'கேஞ்சஸில் சேர்ந்தான்' என்று பதிவேடு சொன்னால் அது ஷாட்லி நிலையத்தையோ, அதற்காக அந்தப் பெயரைத் தாங்கிய வேறு கப்பலையோ குறிக்கும். பம்பாய்க் கப்பலுக்கு அந்த வருடம் அந்தப் பெயரே இல்லை.

மூன்றாவது நமக்கு நெருக்கமான பெயர்: திருகோணமலை. ஆங்கிலத்தில் டிரிங்கோமலீ. 1782இல் திருகோணமலைக்கு அருகே நடந்த கடற்போரின் நினைவாக வைத்த பெயர். 1817 அக்டோபர் 12இல் பம்பாயில் நீரில் இறங்கியது. பசிபிக்கில் ரோந்து சுற்றியது, பிறகு ஹார்ட்டில்பூலில் கடற்படைத் துணைப்படைக்குப் பயிற்சி கொடுத்தது, 1897இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது. அதே வருடம் ஜூனில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் பயன்படுத்திய ஃபூத்ராயான் என்ற கப்பல் பிளாக்பூல் கரையில் புயலில் சிக்கி உடைந்தது. அதைப் பையன்களின் பயிற்சிக்காக வைத்திருந்த வீட்லி காப் என்ற செல்வந்தர், பதிலுக்கு டிரிங்கோமலீயை வாங்கிக் காப்பாற்றி 1903இல் ஃபூத்ராயான் என்று பெயர் சூட்டினார். 1986 வரை அந்தப் பெயரில்தான் பயிற்சி நடந்தது. பிறகு ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோய்ப் பத்து வருடத்துக்கு மேல் செப்பனிட்டு, 1992இல் பழைய பெயரையும் திருப்பிக் கொடுத்தார்கள். இன்றும் அங்கே மிதக்கிறது. டிக்கெட் வாங்கி ஏறிப் பார்க்கலாம்.

கான்வே இதற்கு நேர் எதிர். நிறுவனம் ஒன்று, பெயர் ஒன்று, உடல் மூன்று. 1859இல் தொடங்கியபோது உண்மையான கான்வே; 1861இல் வின்செஸ்டர் என்ற கப்பல் வந்து அந்தப் பெயரை ஏற்றது; 1876இல் நைல் என்ற கப்பல் வந்து அதே பெயரை ஏற்றது. ஆகவே 'கான்வேயில் படித்தவர்' என்றால் அடுத்த கேள்வி, எந்த வருடம் என்பதுதான்.

நிலையாக நின்ற கப்பல்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது. ஜெர்மனிக்காரர்கள் 1933இல் கட்டிய கார்க் ஃபாக் என்ற பாய்மரப் பயிற்சிக் கப்பல் 1945இல் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டு, சோவியத் காலத்தில் எடுத்து நிமிர்த்தப்பட்டு 'தவாரிஷ்' ஆனது. அதன் தங்கைக் கப்பல் ஹார்ஸ்ட் வெசல் இன்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 'ஈகிள்'. இன்னொரு தங்கை பிரேசில் வழியாகப் போர்ச்சுகல் போய் 'சாக்ரெஸ்' ஆனாள்.

படி 4: எலும்புக்கூட்டைக் கட்டுங்கள்

அட்டவணையில் உடல் பத்தியை நிரப்ப நான்கு தேதிகள் வேண்டும்: கட்டத் தொடங்கிய நாள், நீரில் இறங்கிய நாள், சேவையில் சேர்ந்த நாள், விற்கப்பட்ட அல்லது அழிந்த நாள். இவற்றை ஒன்றோடொன்று குழப்புவதால்தான் இரண்டு நூல்கள் இரண்டு வருடம் சொல்கின்றன. டிரிங்கோமலீ 1817இல் மிதந்தாலும் போர்ட்ஸ்மத்துக்கு வந்து சேர்ந்தது 1819 ஏப்ரலில். அதன் பிறகு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சும்மா கட்டிக் கிடந்து, 1847இல்தான் முதல் பணிக்குப் புறப்பட்டது. மூன்றில் எந்த வருடத்தைச் சொன்னாலும் பொய்யில்லை.

பீரங்கி எண்ணிக்கையும் அடையாள அட்டை அல்ல. அதே கப்பல் 46 பீரங்கிக் கப்பலாகப் பிறந்து, 1840களில் குறைந்த ஆனால் கனமான பீரங்கிகளோடு 26 பீரங்கிக் கப்பலாக மாறியது. 'வகுப்பு' என்று நூல்கள் சொல்வதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். வெல்லெஸ்லிக்கென்று லண்டனிலிருந்து அனுப்பிய வரைபடம், ஜாவா என்ற கப்பலை அமெரிக்கர்கள் 1812 டிசம்பரில் பிடித்தபோது கடலோடு போயிற்று. ஆகவே பம்பாய்த் தச்சர்கள் கையிலிருந்த கார்ன்வாலிஸ் கப்பலின் வரைபடத்தைப் பார்த்தே கட்டிவிட்டார்கள். ஆணைத்தாளில் ஒரு வகுப்பு, தண்ணீரில் வேறு வகுப்பு.

எங்கே பார்ப்பது? கடற்படை அவ்வப்போது அச்சிட்ட நேவி லிஸ்ட்டில் எந்தக் கப்பல் எங்கே, தளபதி யார் என்பது இருக்கும். பழைய இதழ்கள் பலவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வணிகக் கப்பலாகப் பிறந்திருந்தால் லாயிட்ஸ் பதிவேடு. 1855 முதல் பிரிட்டிஷ் பதிவு பெற்ற வணிகக் கப்பல்களுக்கு அலுவல் எண் ஒன்று உண்டு. பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. கிடைத்தால் பொன்னாக வைத்துக்கொள்ளுங்கள். போர்க்கப்பலின் பக்கவாட்டில் எழுதும் எண்ணை மட்டும் அப்படி நம்பக் கூடாது. அதை வேறு கப்பலுக்கும் கொடுப்பார்கள். அமெரிக்கக் கப்பல் என்றால் அவர்களின் கடற்படை வரலாற்றுத் துறை கப்பல்வாரியாகத் தொகுத்த அகராதி இணையத்தில் இலவசம்.

படி 5: புகைப்படத்தைப் படியுங்கள்

படத்தின் கீழே எழுதியிருக்கும் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். முதலில் எத்தனை வரிசைப் பீரங்கிச் சன்னல்கள் என்று எண்ணுங்கள். ஒரு வரிசை என்றால் ஃப்ரிகேட் என்ற சிறிய போர்க்கப்பல் ரகம். இரண்டு வரிசை என்றால் 74, 84 பீரங்கி ரகம். அடுத்து கொடிமரங்கள்: முழு உயரம் இருக்கிறதா, பாதியில் வெட்டியிருக்கிறார்களா, குறுக்குக் கழிகள் உண்டா. முன்முகப்பில் சிலை. பின்பக்கம் வட்டமா, சதுரமா. மேல்தளத்தில் கூரை எவ்வளவு தூரம்.

இதெல்லாம் ஆன பிறகு கப்பலை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள். என் அனுபவத்தில் தீர்ப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது. கான்வேயை எடுத்துக்கொள்வோம். பின்னால் தட்டையான கரையும் தொழிற்சாலைப் புகையும் தெரிந்தால் அது மெர்சி ஆறு. மரங்கள் அடர்ந்த சரிவும் குறுகிய நீரும் தெரிந்தால் அது வேல்ஸின் மெனாய் நீரிணை. அப்படியானால் படம் 1941க்குப் பிறகு எடுத்தது, ஏனென்றால் லிவர்பூல் குண்டுவீச்சுக்குப் பயந்து அந்த வருடம்தான் கப்பலை அங்கே நகர்த்தினார்கள். கப்பல் சாய்ந்து கரையில் கிடந்தால் 1953 ஏப்ரல் 14க்குப் பிறகு. அன்றுதான் பழுதுபார்க்க இழுத்துப்போகும் வழியில் நீரோட்டத்தில் சிக்கித் தரை தட்டியது. மிச்சம் 1956இல் எரிந்தது. பெயரே படிக்காமல் பதினைந்து வருடத்துக்குள் படத்தை அடைத்துவிட்டோம்.

அஞ்சலட்டையாக இருந்தால் பின்பக்கத்தையும் பாருங்கள். முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு போட்டுப் பிரித்த அட்டை பிரிட்டனில் 1902 முதல்தான். அஞ்சல் முத்திரையின் தேதியைப் படத்தின் தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய படத்தை வைத்துப் பல வருடம் அச்சடித்து விற்றிருப்பார்கள்.

படி 6: ஆட்கள் வழியாகக் கப்பலுக்கு வாருங்கள்

பயிற்சிக் கப்பலின் லாக் புக் வாசிக்கச் சலிப்பானது. காற்று, காற்றழுத்தம், நோயாளிகள் எண்ணிக்கை, ஏற்றிய இறைச்சியும் ரொட்டியும், மறுபடி காற்று. நகராத கப்பலின் நாட்குறிப்பு வேறெப்படி இருக்கும்? லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ.டி.எம். 53 என்ற வரிசையில் இவை இருக்கின்றன. கப்பலை நகர்த்திய நாள், தீ, தொற்றுநோய் போன்ற குறிப்பிட்ட ஒரு நாளுக்காக மட்டும் எடுங்கள்.

ருசியானது ஆட்களின் பதிவேடு. 1853 முதல் 1872 வரை சேர்ந்த மாலுமிகளுக்கு ஏ.டி.எம். 139, 1873 முதல் ஏ.டி.எம். 188. இணையத்தில் பெயரை வைத்துத் தேடி இறக்கிக்கொள்ளலாம். ஒரு பக்கம் எப்படி இருக்கும்? மேலே பெயர், பிறந்த நாள், ஊர், முந்தைய தொழில். அடுத்து உயரம், முடி, கண், நிறம், பச்சை குத்தியிருந்தால் எங்கே என்ன என்பது. கீழே கட்டங்கள்: கப்பல் பெயர், பதவி, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, நடத்தை. முதல் வரியில் 'இரண்டாம் வகுப்புச் சிறுவன்' என்ற பதவியோடு வரும் கப்பல்தான் பயிற்சிக் கப்பல். நடத்தைக் கட்டத்தில் 'வி.ஜி.' என்றால் மிக நன்று. கடைசியில் 'ரன்' என்றிருந்தால் ஓடிப்போனவர், 'டி.டி.' என்றிருந்தால் சேவையில் இறந்தவர். பன்னிரண்டு வருட ஒப்பந்தம் பதினெட்டு வயதிலிருந்துதான் கணக்கு. அதற்கு முன் பயிற்சிக் கப்பலில் கழிந்த காலம் அதில் சேராது. ஆகவே ஒப்பந்தத் தேதியைச் சேர்ந்த தேதி என்று எண்ணிவிடாதீர்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. பதிவேட்டில் 'விக்டரி 1' என்று பார்த்ததும் தாத்தா நெல்சனின் கப்பலில் இருந்தார் என்று துள்ளிக் குதிப்பார்கள். பெரும்பாலும் அது போர்ட்ஸ்மத் கரை முகாமின் சம்பளக் கணக்குப் பெயர். 'பெம்ப்ரோக்' என்றால் சாத்தம், 'விவிட்' என்றால் டெவன்போர்ட். கடற்படையில் எல்லோருமே ஏதாவதொரு கப்பலின் கணக்கில் இருந்தாக வேண்டும் என்பது விதி. கரையில் உட்கார்ந்திருந்தவர்களையும் ஒரு கப்பல் பெயரில் எழுதிவிட்டார்கள்.

பையன்கள் பட்டியல் வேண்டுமென்றால் பிரிட்டிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அருமையான வழி. பத்து வருடத்துக்கு ஒருமுறை, ஒரே இரவில் கப்பலில் இருந்த அத்தனை பேரின் பெயர், வயது, பிறந்த ஊர் எல்லாம் கிடைக்கும். நூறு வருடம் பூட்டி வைப்பதால் இப்போதைக்கு 1921 வரைதான். 1931 கணக்கெடுப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸின் தாள்கள் 1942இல் தீயில் எரிந்துவிட்டன. சீர்திருத்தக் கப்பலில் இருந்த சிறுவனின் பதிவு கிடைத்தால் குடும்பத்தில் யாரிடம், எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். அவர்களில் பலர் செய்த 'குற்றம்' பட்டினியும் தெருவில் தூங்கியதும்தான்.

படி 7: பத்திரிகைகளைச் சல்லடை போடுங்கள்

ஆஸ்திரேலியாவின் டிரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளம் ஆகிய மூன்றும் இலவசம். பிரிட்டிஷ் செய்தித்தாள் காப்பகத்துக்குச் சந்தா கட்ட வேண்டும். கப்பல் இங்கிலாந்தில் நின்றதாயிற்றே, ஆஸ்திரேலியப் பத்திரிகை எதற்கு என்று கேட்கலாம். தீ, விபத்து, விற்பனை என்றால் தந்திச் செய்தி உலகமெங்கும் போகும். லண்டன் செய்தியைச் சந்தா கட்டாமல் மெல்போர்னில் படித்துக்கொள்ளலாம்.

தேடுசொல்லில்தான் சூட்சுமம். 'கேஞ்சஸ்' என்று போட்டால் கங்கை வெள்ளம் வரும். 'டிரிங்கோமலீ' என்று போட்டால் திருகோணமலைத் துறைமுகச் செய்தி அத்தனையும் வந்து குவியும். கப்பல் நின்ற ஊரின் பெயரையோ நேவி லிஸ்டில் கிடைத்த தளபதியின் பெயரையோ சேர்த்துத் தேடுங்கள். பெயர் மாறிய வருடத்தின் இரு பக்கமும் இரண்டு பெயரிலும் தேடுங்கள். பத்திரிகைக்காரர்கள் பழைய பெயரை லேசில் விடமாட்டார்கள்.

படி 8: இந்தியக் கப்பல் என்றால்

டஃபரினை வைத்துச் சொல்கிறேன். 1904இல் இங்கிலாந்தின் பேரோவில் விக்கர்ஸ் நிறுவனம் கட்டிய படைவீரர் கப்பல் இது. ஆங்கிலேய இந்திய அரசின் கடற்பிரிவான ராயல் இந்தியன் மரைனுக்குச் சொந்தம். இந்தியர்களைக் கப்பல் அதிகாரிகளாக்க வேண்டும் என்ற கோரிக்கை 1922இல் மத்திய சட்டசபைக்கு வந்தது. இந்திய வணிகக் கப்பல் படை பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சென்னையின் பி.எஸ். சிவசாமி ஐயர். 1923இல் குழு அமைந்தது. 1927இல் டஃபரின் பம்பாயில் மசகான் அருகே பயிற்சிக் கப்பலாக நின்றது. முதல் தலைவர் கேப்டன் டிக்பி-பெஸ்ட். முதல் அணியில் சேர்ந்த ஒருவர் செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி. 1958இல் இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனார். 1972இல் டஃபரினின் இடத்துக்கு ராஜேந்திரா என்ற கப்பல் வந்தது. 1993இல் பயிற்சி நவி மும்பையில் கரையேறி 'டி.எஸ். சாணக்யா' ஆனது. கப்பலே இல்லை, பெயரில் மட்டும் 'பயிற்சிக் கப்பல்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். மூன்று பத்தி அட்டவணையில் இதைப் போட்டுப் பாருங்கள்: நிறுவனம் ஒரே கோடு, பெயர் மூன்று, உடல் இரண்டு.

ஆவணங்களுக்கு இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் தொடங்குங்கள். 1927க்கு முந்தைய டஃபரின் ராணுவ, மரைன் கோப்புகளில் இருக்கும். பிந்தையது வர்த்தகத் துறைக் கோப்புகளில். வெறும் 'டஃபரின்' என்று தேடினால் வைஸ்ராயின் மனைவி 1885இல் தொடங்கிய டஃபரின் நிதியும் அதன் பெண்கள் மருத்துவமனைகளும்தான் நூற்றுக்கணக்கில் வரும். 'பயிற்சிக் கப்பல்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் சேருங்கள். சட்டசபை விவாதங்கள் நாடாளுமன்றத்தின் மின்நூலகத்தில் உள்ளன. சிவசாமி ஐயரின் பேச்சை அங்கே தேடலாம். கப்பலின் ஆங்கிலேயக் காலத்துத் தாள்களுக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்கள், பம்பாய்க் கப்பல்துறையின் பழைய விஷயங்களுக்கு மும்பையில் மகாராஷ்டிர மாநில ஆவணக் காப்பகம். சென்னையில் இருப்பவர்கள் கன்னிமாரா நூலகத்தையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

மாலுமிகளுக்குப் பயிற்சி கொடுத்த கப்பல்கள் தனி: கல்கத்தாவில் பத்ரா, விசாகப்பட்டினத்தில் மேகலா, குஜராத்தில் நவ்லக்ஷி. தாத்தா அதிகாரியாக இல்லாமல் மாலுமியாகப் போனவர் என்றால் டஃபரினில் தேடாதீர்கள், இவற்றில் தேடுங்கள். அவருடைய சி.டி.சி. என்ற மாலுமிப் பணிப்பதிவுப் புத்தகம் வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எந்தக் கப்பலில் எப்போது ஏறி எப்போது இறங்கினார் என்பது முத்திரையோடு அதில் இருக்கும்.

கடற்படையின் பயிற்சிக் கப்பல்களில் பல பிரிட்டனிடமிருந்து வாங்கியவை. முற்பிறப்பின் பெயரைப் பிடித்தால்தான் பாதிக் கதை கிடைக்கும். முதல் 'தீர்' பிரிட்டனின் பான் என்ற போர்க்கால ஃப்ரிகேட். 1986இல் சேர்ந்த இரண்டாவது 'தீர்' மசகானில் கட்டியது. 'கிருஷ்ணா' முன்பு ஆண்ட்ராமெடா. பழைய 'டெல்லி' முன்பு அகிலீஸ். 1939இல் ஜெர்மனியின் கிராஃப் ஸ்பே என்ற போர்க்கப்பலோடு மோதியது. இவற்றின் முற்பாதி லண்டனில், பிற்பாதி டெல்லியிலும் மும்பையிலும். சேவையிலிருந்த மாலுமியின் சொந்தப் பதிவு குடும்பத்துக்குத் தேவையென்றால் மும்பை மான்கூர்டில் உள்ள கடற்படை மாலுமிகள் அலுவலகத்துக்கு அவருடைய சேவை எண்ணோடு எழுத வேண்டும். எண் இல்லாமல் எழுதினால் கிணற்றில் போட்ட கல்தான்.

படி 9: மிச்சங்களைச் சோதியுங்கள்

கப்பல் உடைந்தாலும் துண்டுகள் உலவும். பம்பாய் வெல்லெஸ்லியின் மரங்களில் சில குண்டுவீச்சில் சேதமான லண்டன் உயர் நீதிமன்றக் கட்டடத்தைச் செப்பனிடப் பயன்பட்டன. முகப்புச் சிலை சாத்தம் கப்பல்துறையில் இருக்கிறது. கேஞ்சஸின் தளபதி அறை மரவேலைப்பாடு டெவன் கரையில் பர் தீவு விடுதியில் ஓர் அறையாக இன்னமும் இருக்கிறது.

துண்டுகளும் ஏமாற்றும். ஷாட்லியில் 143 அடி உயரக் கொடிமரம் ஒன்று உண்டு. பயிற்சி நிலையம் நடந்த காலத்தில் பையன்கள் அணி அணியாக அதில் ஏறி நிற்க, உச்சியில் ஒரு பையன் கைப்பிடியில்லாமல் நின்று சல்யூட் அடித்தான். 'கேஞ்சஸ் கொடிமரம்' என்றே சொல்வார்கள். அது கேஞ்சஸ் கப்பலுடையது அல்ல. கோர்டிலியா என்ற வேறொரு கப்பலின் கொடிமரத்தைக் கொண்டு எழுப்பியது.

ஏலத்தில் 'ஃபூத்ராயான் செம்பு', 'ஃபூத்ராயான் மரம்' என்று பதக்கமும் பெட்டியும் வரும். அவை பெரும்பாலும் பிளாக்பூலில் உடைந்த நெல்சன் காலத்துக் கப்பலின் மிச்சம். நஷ்டத்தை ஈடுகட்ட வீட்லி காப் விற்றவை. திருகோணமலைப் பெயர் கொண்ட பம்பாய்த் தேக்கு என்று நினைத்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள். தேக்கா, ஓக்கா என்று ஒரு நல்ல தச்சரிடம் காட்டினாலே பாதி சந்தேகம் தீரும்.

படி 10: எழுதி, கொடுத்துவிடுங்கள்

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள்: காப்பகம், வரிசை எண், பக்கம், பார்த்த தேதி. இரண்டு ஆவணம் முரண்பட்டால் ஒன்றை அடித்துவிடாமல் இரண்டையும் வைத்துக்கொண்டு, எதை ஏன் நம்புகிறீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். சம்பவம் நடந்தபோதே எழுதியதற்கு முதல் மரியாதை; ஓய்வுபெற்ற பிறகு எழுதிய நினைவுக்குறிப்புக்கு அடுத்த இடம்.

புகைப்படங்களைப் பின்பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். இந்தியக் கப்பல் என்றால் ஒரு பிரதியை மும்பையில் உள்ள கடல்சார் வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பலாம். கான்வே என்றால் லிவர்பூல் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு. டிரிங்கோமலீ என்றால் ஹார்ட்டில்பூல் அருங்காட்சியகத்துக்கு. அனுப்பும்போது கப்பலின் எல்லாப் பெயர்களையும் வருடத்தோடு முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்; அடுத்துத் தேடி வருகிறவர் எந்தப் பெயரோடு வருவார் என்று தெரியாது.